பிக்கப்புக்கு ஷாக் மாற்றும் முன் பட்டையைப் பாருங்கள்

ஏற்காட்டுக்கு லோடு அடிக்கும் பிக்கப்காரர்கள் கடையில் போய் நின்றதும் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "இருக்கறதுலயே ஹார்டா ஒரு ஷாக் குடுங்க." லோடு ஏற்றினால் பின்பக்கம் உட்கார்ந்துவிடுகிறது, ஹார்டான ஷாக் போட்டால் தூக்கி நிறுத்தும் என்று நினைக்கிறார்கள். நிறுத்தாது. எடையைத் தாங்குவது பட்டை, அதாவது வளைந்த இரும்புத் தகடுகளை அடுக்கிய ஸ்பிரிங். அந்தப் பட்டை மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்காமல் அடக்குவதுதான் ஷாக் அப்சார்பரின் வேலை. உள்ளே பிஸ்டனில் இருக்கும் சின்னச் சின்ன துளைகள் வழியாக ஆயில் நெருக்கிக்கொண்டு போகும்போது ஆட்டம் அடங்கி, அது சூடாக மாறி வெளியேறுகிறது. அதனால் காலி வண்டியே பின்னால் தாழ்ந்து நின்றால் பட்டையில் வளைவு போயிருக்கிறதா, ஏதாவது ஒன்று உடைந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஆர்.சி.யில் இருக்கும் எடைக்கு மேல் ஏற்றிவிட்டு ஷாக்கைக் குறை சொல்வதிலும் பயன் இல்லை.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. சில வருடம் முன்பு நானும் ஹார்டான ஒரு ஜோடியைப் பின்னால் போட்டேன். சிமெண்ட் ஏற்றி மேலே போகும்போது வண்டி அருமையாக நின்றது. இறக்கிவிட்டுக் காலியாக வரும்போதுதான் தெரிந்தது, ஒரு கொண்டை ஊசி வளைவில் தார் பெயர்ந்த இடத்தில் பிரேக் மிதித்தேன், பின் சக்கரம் ரோட்டைப் பிடிக்காமல் தவ்வித் தவ்வி ஓரத்துக்கு நகர்ந்தது. அடிவாரத்திலிருந்து மேலே வரை 20 வளைவு, அத்தனையிலும் அப்படி இறங்குவது விளையாட்டில்லை. மேலே லோடு, கீழே காலி என்று ஓடுபவர்கள் காலி வண்டியை மனதில் வைத்துத்தான் ஷாக் எடுக்க வேண்டும். வண்டிக் கம்பெனி கொடுத்த அளவும் தரமுமே பெரும்பாலானவர்களுக்குப் போதும். மேலேயிருந்து மிளகு, காப்பிக்கொட்டை என்று எப்போதும் முழு லோடில் இறங்குபவர்கள் மட்டும் ஒரு படி கூடுதலாக யோசிக்கலாம்.

சரி, பழையது போய்விட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? காரை அழுத்தி விட்டுப் பார்ப்பது போல பிக்கப்பில் செய்தால் பட்டை விறைப்பாக இருப்பதால் ஒன்றும் பிடிபடாது. மலை இறங்கி அடிவாரத்தில் ஓரமாக நிறுத்திவிட்டு, பக்கத்தில் இருக்கும் பிரேக் டிரம்மிலும் சைலன்சரிலும் கை படாமல், ஒவ்வொரு ஷாக்கையும் மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். வேலை செய்யும் ஷாக் சூடாக இருக்கும். ஒரே ஆக்ஸிலில் ஒன்று சூடாகவும் இன்னொன்று குளிர்ந்தும் இருந்தால் குளிர்ந்தது வேலை செய்யவில்லை என்று அர்த்தம். மேலே லேசாக ஈரப்பசை இருந்தால் பயமில்லை, ஆயில் வழிந்து மண் அப்பியிருந்தால் மாற்ற வேண்டியதுதான். டயர் மேடு பள்ளமாகத் தேய்ந்திருப்பதும் ஓர் அடையாளம். சில சமயம் ஷாக் நன்றாக இருக்கும், அதை மாட்டும் முனையில் இருக்கும் ரப்பர் புஷ் மட்டும் கிழிந்து 'கடக் கடக்' என்று சத்தம் வரும், அதற்கு புஷ் மாற்றினால் போதும்.

அடுத்தது நீளம், அதிகம் ஏமாறுவது இங்கேதான். கூடுதலாக ஒரு பட்டை போட்டு வண்டியை உயர்த்தியிருந்தால் பழைய பார்ட் நம்பரை அப்படியே வாங்காதீர்கள். சேஸியை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, சக்கரத்தைத் தொங்கவிட்டு ஷாக் மாட்டும் மேல் மவுண்டுக்கும் கீழ் மவுண்டுக்கும் நடுவே அளந்து பாருங்கள். புது ஷாக் முழுதாக நீளும்போது அந்த அளவை எட்ட வேண்டும். ஆக்ஸில் மேலே வந்து சேஸியில் மோதாமல் தடுக்கும் பம்ப் ரப்பரில் போய் இடிக்கும்போதும் ஷாக்குக்குள் கொஞ்சம் இடம் மிச்சமிருக்க வேண்டும், இல்லையென்றால் அடி முழுக்க ஷாக் மேல் விழுந்து ராடு வளையும்.

ஆயில் ஷாக்கா கேஸ் ஷாக்கா? கேஸ் என்றாலே ஹார்டு என்பது தப்பு. நைட்ரஜன் அடைப்பதே தொடர்ந்து குலுங்கும்போது ஆயில் நுரைத்துவிடாமல் இருக்கத்தான். நுரைத்தால் அடக்கும் சக்தி குறைந்துவிடும். மலை ரோட்டுக்கு கேஸ் நல்லது, அதிலும் ஒரு குழாய்க்குள் இன்னொரு குழாய் இருக்கும் இரட்டைக் குழாய் வகையைத்தான் நான் சொல்வேன். ஒற்றைக் குழாய் வகை சூட்டை நன்றாக வெளியேற்றும், ஆனால் எஸ்டேட் பாதையில் ஒரு கல் பட்டுக் குழாய் நசுங்கினால் பிஸ்டனே சிக்கிக்கொள்ளும்.

வாங்கும்போது ஒரு ஆக்ஸிலுக்கு ஜோடியாக மாற்றுங்கள், ஒன்று புதுசு ஒன்று பழசு வேண்டாம். வெட்டித் திறந்து ஆயில் ஊற்றி வெல்டு வைத்த ரீகண்டிஷன் ஷாக் பாதி விலைக்குக் கிடைக்கும், தொடாதீர்கள். பெட்டியில் பார்ட் நம்பர், விலை, தயாரித்த மாதம் மூன்றும் இருக்கிறதா பார்த்து, பில்லோடு வாங்குங்கள்.

இரட்டைக் குழாய் ஷாக்கை மாட்டும் முன் நிமிர்த்திப் பிடித்து நாலைந்து முறை இழுத்து அமுக்கினால் உள்குழாயில் சிக்கிய காற்று அதிலிருந்து விலகிவிடும். புஷ் போல்ட்டை வண்டி சக்கரத்தில் நிற்கும்போதுதான் கடைசியாக இறுக்க வேண்டும், தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரமே கிழிந்துவிடும். அப்புறம் இரண்டு நடை மலை போய் வந்ததும் எல்லா போல்ட்டையும் மறுபடி ஸ்பேனர் போட்டுப் பாருங்கள்.