வெந்நீர் ஹீட்டிங்: ஜோன் வால்வையும் பம்பையும் வயரிங் செய்வது எப்படி?

பாய்லரில் சூடான தண்ணீரைப் பம்ப் மூலம் குழாய்களில் சுற்றவிட்டு வீட்டைச் சூடாக்கும் அமைப்பு இது. வீட்டில் தனித்தனியாகச் சூடாக்கும் ஒவ்வொரு பகுதியும் ஒரு ஜோன்; அதற்குப் போகும் வெந்நீரைத் திறந்து மூடுவது ஜோன் வால்வு. அந்தப் பாய்லரின் கன்ட்ரோல் பெட்டியை முதல்முறை திறந்தால் உள்ளே வயர்கள் சிக்கெடுக்காத தலைமுடி மாதிரி கிடக்கும். பயப்பட வேண்டாம். எந்த வயர் எங்கே போகிறது என்று மனப்பாடம் செய்வதை விட, யார் யாருக்குத் தகவல் சொல்கிறார்கள் என்று பிடித்துக்கொண்டால் போதும்.

அறை குளிர்ந்தால் தெர்மோஸ்டாட் வால்வைத் திறக்கச் சொல்கிறது. வால்வு முழுதாகத் திறந்த பிறகு, அதற்குள் இருக்கும் எண்ட் சுவிட்ச் என்ற குட்டி சுவிட்ச் மூடுகிறது. அதைப் பார்த்துத்தான் பாய்லர் பம்பை ஓட்டி, நெருப்பையும் பற்றவைக்கிறது. தெர்மோஸ்டாட் நேராகப் பாய்லரிடம் பேசுவதில்லை. பேசினால், வால்வு திறக்கும் முன்பே பம்ப் மூடிய குழாயை முட்டிக்கொண்டு ஓடும்.

இங்கே சொல்வது 24 வோல்ட் ஏசி (மாறுதிசை மின்சாரம்) கன்ட்ரோல் உள்ள அமைப்புக்கு. வால்வுகளே மெயின் மின்சாரத்தில் ஓடும் அமைப்பும் உண்டு. அதன் வயர் நிறங்களும் இணைப்பும் வேறு.

படி 1: மின்சாரத்தை நிறுத்துங்கள். பாய்லரின் பிரேக்கரை அணைத்துவிட்டு, மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். பம்புக்குப் போவது 120 அல்லது 230 வோல்ட். அந்தப் பக்க வேலையை உரிமம் உள்ள எலக்ட்ரீஷியன்தான் செய்ய வேண்டும் என்று உங்கள் ஊர் விதி சொன்னால், அதை அவரிடமே விட்டுவிடுங்கள்.

படி 2: மெயின் மின்சாரத்தை 24 வோல்ட்டாகக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் தாங்குமா என்று கணக்குப் போடுங்கள். பலரும் தாண்டிப்போகும் இடம் இது. வால்வின் லேபிளில் 0.32 ஆம்பியர் என்று இருந்தால், 24ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 7.7 விஏ (வோல்ட்-ஆம்பியர்). 40 விஏ டிரான்ஸ்ஃபார்மரில் ஐந்து வால்வு போட்டால் 38.4 ஆகிவிடும், காகிதத்தில் சரி, ஆனால் மூச்சு விட இடமில்லை. நான் நான்கோடு நிறுத்திக்கொள்வேன். சூடேறித் திறக்கும் வகை வால்வுகளில் 0.9 ஆம்பியர் வரை இழுப்பவையும் உண்டு. அவற்றில் இரண்டு சேர்ந்தாலே 40ஐத் தாண்டிவிடும்.

படி 3: தெர்மோஸ்டாட்டையும் வால்வு மோட்டாரையும் இணையுங்கள். டிரான்ஸ்ஃபார்மரின் ஒரு முனை தெர்மோஸ்டாட்டின் ஆர் (R) டெர்மினலுக்கு, அதாவது மின்சாரம் உள்ளே வரும் முனைக்கு. சூடு கேட்கும்போது மின்சாரம் வெளியே வரும் டபிள்யூ (W) டெர்மினலிலிருந்து வால்வு மோட்டாரின் ஒரு வயருக்கு. மோட்டாரின் இன்னொரு வயர் டிரான்ஸ்ஃபார்மரின் மறுமுனைக்கு. ஒரு வளையம், அவ்வளவுதான். ஒவ்வொரு ஜோனுக்கும் இதே வளையம் தனியாக வரும். வைஃபை தெர்மோஸ்டாட் என்றால் அதற்கே தொடர்ந்து மின்சாரம் கிடைக்க, பெரும்பாலும் சி (C) வயரும் தேவைப்படும். அது டிரான்ஸ்ஃபார்மரின் அந்த மறுமுனைக்கே போகும். ஆர் வயரும் சி வயரும் உரசாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நான் ஒருமுறை அவசரத்தில் பிரேக்கரை அணைக்காமல் உரசவிட்டு, ஒரு நல்ல டிரான்ஸ்ஃபார்மரைப் புகைத்தேன்.

படி 4: எண்ட் சுவிட்ச். நான்கு வயர் உள்ள வால்வில் இரண்டு மோட்டாருக்கு, மீதி இரண்டு எண்ட் சுவிட்சுக்கு. நிறத்தை நம்பாதீர்கள், வால்வோடு வந்த படத்தைப் பாருங்கள். எல்லா ஜோன்களின் எண்ட் சுவிட்ச் வயர்களையும் இணையாக, அதாவது பேரலலாகச் சேர்த்து, பாய்லரில் சூடு கேட்கும் தகவல் வந்து சேரும் இரு முனைகளான டி-டி (T-T) டெர்மினல்களுக்குக் கொண்டுபோங்கள். எந்த ஒரு ஜோன் கேட்டாலும் பாய்லர் எழும். தொடராகச் சேர்த்தால் எல்லா ஜோன்களும் ஒரே நேரத்தில் கேட்டால்தான் வீடு சூடாகும்!

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. பொதுவாக டி-டிக்கு வெளியிலிருந்து மின்சாரம் கொடுக்கக் கூடாது. இரு முனையும் தொட்டால் போதும், அந்த வோல்டேஜைப் பாய்லரே வைத்திருக்கும். நம் 24 வோல்ட்டை அதில் விட்டால் இரண்டு டிரான்ஸ்ஃபார்மர்கள் மோதிக்கொள்ளும், கன்ட்ரோல் போர்டு போகலாம். மூன்றே டெர்மினல் உள்ள வால்வுகளில் மோட்டாருக்கும் எண்ட் சுவிட்சுக்கும் ஒரு முனை பொது. எனவே அவற்றை நேராக டி-டிக்கு இணைக்காமல், நடுவில் ஒரு ரிலே, அதாவது மின்சாரத்தால் இயங்கும் தனி சுவிட்ச், போடுங்கள்.

வால்வுக்குப் பதில் ஜோனுக்கு ஒரு பம்ப் வைத்திருக்கிறீர்களா? அப்போது வேலை இன்னும் எளிது. ரிலே பெட்டி ஒன்று வாங்கினால், தெர்மோஸ்டாட்டுகள் ஒரு வரிசையில், பம்புகள் இன்னொரு வரிசையில். பெட்டியின் எண்ட் சுவிட்ச் டெர்மினல்களை மட்டும் டி-டிக்கு இழுங்கள். ஒவ்வொரு பம்போடும் தண்ணீரை ஒரே திசையில் மட்டும் விடும் செக் வால்வு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் ஒரு ஜோன் ஓடும்போது, கேட்காத ஜோனிலும் வெந்நீர் பின்பக்கமாகப் புகுந்துவிடும்.

படி 5: சோதனை. குழாயில் தண்ணீர் நிரப்பிக் காற்றை வெளியேற்றாமல் பம்பை ஓட்டாதீர்கள்; பெரும்பாலான சுற்றுப் பம்புகளின் பேரிங்குக்கு அந்தத் தண்ணீர்தான் எண்ணெய். அப்புறம் ஒரே ஒரு தெர்மோஸ்டாட்டை உயர்த்திவிட்டுக் காத்திருங்கள். சூடேறித் திறக்கும் வால்வுக்குச் சில நிமிடங்கள் கூட ஆகும், ‘வேலை செய்யவில்லை’ என்று உடனே பிரித்துப்போட வேண்டாம்.

வால்வு திறந்தும் பாய்லர் எழவில்லையா? டி-டி வயர்களைக் கழற்றிவிட்டு, அந்த இரண்டு டெர்மினல்களையும் ஒரு துண்டு வயரால் சற்று நேரம் இணைத்துப் பாருங்கள். பாய்லர் எழுந்தால் கோளாறு எண்ட் சுவிட்ச் பக்கம். எழாவிட்டால் பாய்லர் பக்கம். வால்வே திறக்கவில்லை என்றால் மோட்டார் வயர்களில் 24 வோல்ட் வருகிறதா என்று அளந்து, அங்கிருந்து தெர்மோஸ்டாட்டை நோக்கிப் பின்னால் போங்கள். முதல் ஜோன் சரியாக ஓடிய பிறகு அதை இறக்கிவிட்டு, அடுத்ததை உயர்த்துங்கள்.