முன் சக்கரம் வெளியே இருக்கும்போது பிரேக் லீவரைத் தொடாதீர்கள்

செங்கோட்டை, புளியரைப் பக்கம் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால் பைக்கின் முன் மட்கார்டுக்குள் சேறு அப்பிக்கொண்டு துருவேறும். மட்கார்டைக் கழற்றிக் கழுவுவதுதான் நல்லது; அதற்கு முதலில் முன் சக்கரத்தைக் கழற்ற வேண்டும்.

வண்டி தரையில் நிற்கும்போதே முன் சக்கரத்தின் ஆக்சில் (நடுவே செல்லும் தண்டு) நட்டைச் சற்றுத் தளர்த்திவிடுங்கள். அப்புறம் சென்டர் ஸ்டாண்ட் போட்டு, எஞ்சினுக்கு அடியில் மரக்கட்டை கொடுங்கள். ஆக்சிலில் கோத்திருக்கும் எந்த புஷ் (வளையம்) எந்தப் பக்கம் என்று போனில் படம் எடுத்துக்கொண்டு ஆக்சிலை உருவுங்கள்.

டிஸ்க் பிரேக் வண்டியா? சக்கரம் இல்லாதபோது லீவரை அழுத்தினால் பிரேக்கின் பிஸ்டன் வெளியே தள்ளி, டிஸ்க்கை இருபுறமும் பிடிக்கும் பேட் இரண்டும் நெருங்கிவிடும்; டிஸ்க் திரும்ப நுழையாது. பேட்களுக்கு நடுவே மடித்த அட்டை ஒன்றைச் செருகி வையுங்கள்.

மட்கார்டு போல்ட்டு துருப்பிடித்திருந்தால் முந்தின இரவே எண்ணெய் விட்டு வையுங்கள், தலை மழுங்காமல் கழன்று வரும். எல்லாம் மாட்டியதும் லீவர் கெட்டியாகும்வரை அழுத்திப் பார்த்த பிறகே வண்டியை எடுங்கள்.