பிரச்சினையை அன்றைக்கே கையில் எடுப்பது எப்படி? சிறு தொழில் நடத்தும் கிறிஸ்தவர்களுக்கு

திருப்பூரில் ஜாப் ஒர்க் தையல் யூனிட் நடத்துகிறேன், அதாவது மற்ற கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கிறோம். சபையில் புதிதாகத் தொழில் தொடங்கும் தம்பிகள் அடிக்கடி கேட்பது ஒன்றுதான்: லேபர் தகராறு, சரக்கில் டேமேஜ், பணம் நிற்பது, இதையெல்லாம் இழுக்காமல் எப்படி முடிப்பது? நான் கடைப்பிடிக்கும் முறையை எழுதிவிடுகிறேன். கணக்கு வைப்பது, தினமும் வேதம் வாசிப்பது எல்லாம் ஏற்கெனவே உண்டு என்று எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: காதில் விழுந்ததும் எழுதுங்கள்

யார் சொன்னார், என்ன, எத்தனை பீஸ், எந்த பண்டல். சாதாரணக் கோடு போட்ட நோட்டு போதும். ஆப், எக்செல் எல்லாம் எனக்கு ஒத்துவரவில்லை. தையல் லைனில் நிற்கும்போது போனை எடுத்தால் வாட்ஸ்அப் இழுத்துக்கொண்டு போய்விடும். பக்கத்தின் வலது ஓரத்தில் கொஞ்சம் இடம் விட்டு, ‘அடுத்து யார், எத்தனை மணிக்கு’ என்று எழுதுங்கள். இதை மட்டும் காலியாக விடாதீர்கள்.

படி 2: ஜெபமும் கெடுவும்

நம் ஆட்கள் பெரும்பாலும் சிக்கிக்கொள்வது இங்கேதான். ‘ஜெபம் பண்ணிட்டுச் சொல்றேன்’ என்று சொல்லிவிட்டு அப்புறம் வாயே திறப்பதில்லை. கேட்டவர், முதலாளி தட்டிக்கழிக்கிறார் என்றுதான் நினைப்பார். அவர் நினைப்பது பல நேரம் சரியாகவும் இருக்கும்.

எனக்கு இந்த விஷயத்தைத் தெளிவாக்கியது வேதத்தில் உள்ள நெகேமியாவின் புத்தகம். அவர் பெர்சிய ராஜாவின் அரண்மனையில் வேலை பார்த்த யூதர். எருசலேமின் அலங்கம் (மதில்) இடிந்து கிடக்கிறது என்ற செய்தி அவருக்கு வந்தது கிஸ்லே மாதத்தில். ராஜாவிடம் பேச வாய்ப்பு கிடைத்தது நிசான் மாதத்தில். நடுவில் ஏறக்குறைய நான்கு மாதம். உபவாசித்து ஜெபித்தார், ஏனென்றால் ராஜா மனம் வைக்காமல் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் ராஜா ‘என்ன வேண்டும்’ என்று கேட்டதும், நின்ற இடத்திலேயே ஜெபித்துவிட்டுப் பதிலைச் சொல்லிவிட்டார்.

5-ஆம் அதிகாரம் இன்னும் நமக்கு நெருக்கம். 52 நாளில் முடிந்த அலங்க வேலைக்கு நடுவே, ‘நிலத்தை அடகு வைத்தோம், பிள்ளைகளை அடிமைப்படுத்தினோம்’ என்று ஜனங்கள் கூக்குரலிடுகிறார்கள். நெகேமியாவுக்கு மிகவும் கோபம் வருகிறது. மனதுக்குள் யோசிக்கிறார், வட்டி வாங்கியவர்களைக் கடிந்துகொள்கிறார், பெரிய சபையைக் கூட்டுகிறார், ‘இன்றைக்கே திருப்பிக் கொடுங்கள்’ என்கிறார். தானும் கடன் கொடுத்தவன்தான் என்பதையும் மறைக்கவில்லை.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்ட வழி: முடிவு என் கையில் இருந்தால், சின்னதாக ஜெபித்துவிட்டு இன்றைக்கே சொல்லிவிடுவேன். என் கையில் இல்லாவிட்டால் எத்தனை நாள் வேண்டுமானாலும் ஜெபிக்கலாம். ஆனால் ‘புதன்கிழமை காலையில் பேசுகிறேன்’ என்று சம்பந்தப்பட்டவரிடம் அன்றைக்கே கெடு சொல்லிவிட வேண்டும்.

படி 3: இரண்டு பக்கமும் கேளுங்கள்

காரியத்தைக் கேட்குமுன் பதில் சொல்வது புத்தியீனம் என்கிறது நீதிமொழிகள் 18:13. தைத்த பீஸைக் கணக்குப் பார்த்துக் கூலி கொடுக்கும் பீஸ் ரேட் யூனிட்டில் இது எப்படி வரும் என்று காட்டுகிறேன். சனிக்கிழமை சம்பளம் வாங்கிய டெய்லர் அக்கா, ‘அண்ணா, கணக்குல ரெண்டு பண்டல் விட்டுப் போச்சுங்க’ என்கிறார். சூப்பர்வைசர் ‘அதெல்லாம் சரியாத்தான் இருக்கு’ என்கிறார். யாரையும் நம்பவும் வேண்டாம், சந்தேகப்படவும் வேண்டாம். அக்காவின் கைநோட்டு, சூப்பர்வைசரின் ரிஜிஸ்டர், பண்டல் சீட்டு மூன்றையும் செக்கிங் டேபிளில் விரித்து, சீட்டு நம்பரை ஒவ்வொன்றாக டிக் அடியுங்கள். பெரும்பாலும் அந்த பண்டல் பக்கத்து மெஷின்காரர் பெயரில் ஏறியிருக்கும்.

விட்டுப்போன காசை அப்போதே கொடுங்கள். ‘அடுத்த சனிக்கிழமை சேர்த்துக்கலாம்’ வேண்டாம். கூலியைப் பொழுது போகுமுன் கொடுக்கச் சொல்கிறது உபாகமம் 24:15. அப்புறம் சூப்பர்வைசரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள். முதலில் தனியே, கேட்காவிட்டால் இரண்டொருவரை வைத்துக்கொண்டு: மத்தேயு 18 சொல்லும் வரிசை இதுதான். லைனில் எல்லோர் முன்னாலும் சத்தம் போட்டால், அடுத்த முறை தவறை மறைக்கத்தான் பார்ப்பார்.

படி 4: ஆர்டர் கொடுத்த பார்ட்டிக்கு நீங்களே போன் போடுங்கள்

டெலிவரி தள்ளும் என்று தெரிந்ததும் போன். மெசேஜ் வேண்டாம். புதுத் தேதி ஒன்றைச் சொல்லுங்கள்; ‘பவர் கட்’ என்று பொய் சேர்க்காதீர்கள்.

படி 5: நமக்கு வர வேண்டிய பணம்

கேட்கக் கூச்சப்படுவது ஆவிக்குரிய குணம் என்று யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். உத்யம் என்னும் அரசுப் பதிவு உள்ள குறு, சிறு நிறுவனத்துக்கு 2006 எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குமேல் பணத்தை நிறுத்த முடியாது. ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டுவட்டி. நினைவூட்டும் கடிதத்தில் இந்த வரியைச் சேர்த்தாலே பலர் அசைவார்கள். பணம் தாமதமாவதற்கென்று உள்ள அரசு இணையதளத்தில் புகார் போடுவது அதற்கப்புறம். பணம் தர வேண்டியவர் விசுவாசி என்றால் விசுவாசிகள் ஒருவர்மேல் ஒருவர் வழக்குக்குப் போகக் கூடாது என்னும் 1 கொரிந்தியர் 6-ஐ வைத்து, நான் முதலில் வியாபாரம் தெரிந்த மூப்பர் ஒருவர் முன் உட்காருவேன். அங்கேயும் தேதியை எழுதி வாங்கிவிடுவேன்.

பிற்சேர்க்கை: இதைப் படித்துவிட்டு ஒரு சகோதரி கேட்டார், பாலியல் தொல்லைப் புகாருக்கும் ‘முதலில் தனியே பேசு’ என்பதுதானா? கூடவே கூடாது. பாதிக்கப்பட்டவரை அந்த ஆளிடம் தனியே அனுப்பாதீர்கள். நீங்களும் நடுவில் புகுந்து சமரசம் பேசாதீர்கள், போதகரை வைத்து மன்னிப்புக் கூட்டம் நடத்தாதீர்கள். 2013 சட்டப்படி, பத்துப் பேர் அல்லது அதற்குமேல் வேலை செய்யும் இடத்தில் உள்ளகக் குழு இருக்க வேண்டும், விசாரிப்பது அந்தக் குழு. சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும் என்பதால், எழுத உதவி கேட்டால் அன்றைக்கே செய்துகொடுங்கள். பத்துப் பேருக்குக் குறைவான யூனிட் என்றாலோ, புகாரே முதலாளி மேல் என்றாலோ, மாவட்ட அளவில் உள்ள குழுவுக்குப் போகலாம்.