பேனல் வாங்கும் முன் மீட்டரையும் விதியையும் படியுங்கள்

கூரையில் சோலார் வைக்க முடிவெடுத்தவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எத்தனை கிலோவாட் போடலாம்?" என்பதுதான். வீடுகளுக்கு மின்கணக்குப் பார்த்து ஆலோசனை சொல்வது என் தொழில். ஆனாலும் இந்தக் கேள்விக்கு நான் உடனே பதில் சொல்வதில்லை. அந்த வீட்டில் எந்த நேரத்தில் எவ்வளவு மின்சாரம் ஓடுகிறது, மிஞ்சுவதை வெளியே அனுப்பினால் மின் விநியோக நிறுவனம் எப்படிக் கணக்கு வைக்கும், இந்த இரண்டும் தெரியாமல் சொல்கிற எந்த எண்ணும் குத்துமதிப்புதான்.

முதலில் மீட்டர். இப்போதைய மீட்டர்களில் சின்னச் சிவப்பு விளக்கு ஒன்று சிமிட்டிக்கொண்டிருக்கும். எத்தனை சிமிட்டலுக்கு ஒரு யூனிட் என்பதை முகப்பிலேயே அச்சிட்டிருப்பார்கள்; 3200 என்பது அடிக்கடி கண்ணில் படும் எண். இரவு படுக்கப் போகும் முன் விளக்கு, மின்விசிறி எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, ஃபிரிட்ஜ் பிளக்கையும் கொஞ்ச நேரம் பிடுங்கிவிட்டு மீட்டர் எதிரே நில்லுங்கள். ஒரு சிமிட்டலுக்கும் அடுத்ததற்கும் நடுவே எத்தனை விநாடி என்று பாருங்கள். பத்து விநாடி என்றால் மணிக்கு 360 சிமிட்டல். அதை 3200-ஆல் வகுத்தால் 0.11 யூனிட் வரும். அதாவது யாரும் எதையும் பயன்படுத்தாத நேரத்திலும் 110 வாட்டுக்கு மேல் போய்க்கொண்டே இருக்கிறது. நாள் முழுக்க இப்படியே போனால் 2.7 யூனிட். நல்ல வெயில் அடிக்கும் இடத்தில் ஒரு கிலோவாட் பேனல் நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். அதில் மூன்றில் இரண்டு பங்கை செட்-டாப் பாக்ஸும் மோடமும் பழைய யூபிஎஸ்ஸும் சத்தமில்லாமல் தின்றுவிடும். இதற்காகவா பேனல் வாங்க வேண்டும்? ஸ்விட்சை அணைத்தாலே போதும்.

அப்புறம் பெரிய செலவுகள். பழைய சீலிங் ஃபேன் 75 வாட் வரை இழுக்கும். குறைந்த மின்சாரத்தில் ஓடும் புதுவகை மோட்டார் கொண்ட பிஎல்டிசி ஃபேன் முழு வேகத்திலும் 30 வாட்டை ஒட்டித்தான் எடுக்கும். குளிக்கும் நீரும் லேசுப்பட்டதல்ல. 100 லிட்டர் நீரை 20 டிகிரி சூடாக்க 2.3 யூனிட் ஆகும். இது இயற்பியல் கணக்கு, எந்த கம்பெனி கீசராக இருந்தாலும் குறையாது. வெந்நீர் நிறையச் செலவாகும் வீடு என்றால் முதலில் சோலார் வாட்டர் ஹீட்டரைத்தான் சொல்வேன். சோலார் பேனல் தன்மேல் விழும் வெயிலில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் மின்சாரமாக்கும். வெயிலை நேராக வெப்பமாகவே பிடிக்கும் ஹீட்டர் அதைவிட எவ்வளவோ அதிகம் பிடிக்கும்.

இப்போது விதிக்கு, அதாவது மிஞ்சும் மின்சாரத்தைக் கணக்கு வைக்கும் முறைக்கு வருவோம். எல்லோரும் அவசரமாகத் தாண்டிப் போகிற இடம் இது. நான் அதிக நேரம் செலவிடுவதும் இங்கேதான். உதாரணத்துக்கு, பகலில் உங்கள் பேனல் 10 யூனிட் தருகிறது. பகலில் 3 யூனிட் செலவாகி 7 வெளியே போகிறது. இரவில் 7 யூனிட் வாங்குகிறீர்கள். நெட் மீட்டரிங் என்றால் ஏழுக்கு ஏழு கழிந்து கணக்கு நேராகிவிடும். நெட் பில்லிங் என்றால் நீங்கள் தரும் யூனிட்டுக்கு ஒரு விலை, வாங்கும் யூனிட்டுக்கு வேறு விலை. தரும் விலை வாங்கும் விலையில் கால்பங்கு என்றால், அனுப்பிய 7 யூனிட்டை வைத்து இரவில் 2 யூனிட்கூட வாங்க முடியாது. கிராஸ் (gross, மொத்த) மீட்டரிங் என்றால் பத்தும் வெளியே விற்பனை, வீட்டுக்குத் தேவையான பத்தும் வெளியே இருந்து கொள்முதல்.

கிலோவாட் கேள்விக்குப் பதில் இங்கிருந்துதான் வருகிறது. நெட் மீட்டரிங் இருந்தால் ஆண்டு முழுவதற்கும் ஆகும் செலவை வைத்து அளவு பாருங்கள். நெட் பில்லிங் என்றால் பகல்செலவை மட்டும் வைத்துச் சிறிதாகப் போடுங்கள். மோட்டார், வாஷிங் மெஷின், ஸ்கூட்டர் சார்ஜிங் எல்லாவற்றையும் நண்பகலுக்கு நகர்த்துங்கள். கிராஸ் மீட்டரிங் என்றால் அது ஒரு முதலீடு. என்ன விலை, எத்தனை ஆண்டுக்கு உறுதி என்பதை மட்டும் பார்த்தால் போதும்.

அரசுகள் தரும் விலையைக் குறைப்பதற்குக் காரணம் இருக்கிறது. எல்லாக் கூரைகளும் ஒரே நேரத்தில் நண்பகலில் மின்சாரத்தைத் தள்ளுகின்றன. சூரியன் இறங்கியதும் தேவை செங்குத்தாக ஏறுகிறது, அதைச் சமாளிக்க மற்ற மின்நிலையங்கள் அவசரமாக முடுக்கிவிடப்படுகின்றன. கலிபோர்னியாவில் 2023 ஏப்ரலில் இருந்து புதிதாக இணைபவர்கள் அனுப்பும் மின்சாரத்துக்கான மதிப்பு ஏறக்குறைய முக்கால்வாசி குறைந்தது. ஏற்கெனவே இணைந்திருந்தவர்களுக்குப் பழைய கணக்கே தொடர்ந்தது. ஜெர்மனியின் 2000ஆம் ஆண்டுச் சட்டம் 20 ஆண்டுகளுக்கு நிலையான விலையை உறுதி செய்தது. அதை நம்பித்தான் மக்கள் துணிந்து பணம் போட்டார்கள். ஸ்பெயினில் அரசு உறுதியளித்த விலையை, கடன் வாங்கிப் பேனல் வைத்தவர்களுக்கும் சேர்த்துப் பின்னாளில் வெட்டினார்கள். அது அநியாயம் என்றே இன்றும் நினைக்கிறேன். ஆகவே ஒப்பந்தத்தில் இவற்றைத் தேடுங்கள்: விதி மாறினால் பழைய இணைப்புக்கும் பொருந்துமா, மீதமான யூனிட்டை மாதம் மாதம் தீர்க்கிறார்களா அல்லது ஆண்டுக்கு ஒருமுறையா, மின்கம்பிகளைப் பயன்படுத்துவதற்கான வலைப்பின்னல் கட்டணம் தனியாக உண்டா, உங்கள் இணைப்புக்கு அனுமதிக்கப்பட்ட மின்பளுவுக்கு (அதிகபட்ச கிலோவாட்) மேல் பேனல் வைக்கலாமா. மானியம் இருந்தால், அது எந்தப் பட்டியலில் உள்ள பேனலுக்குப் பொருந்தும், ஆய்வுக்கு முன் கிடைக்குமா பின்னரா என்றும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். விற்பவர் வாயால் சொல்வதை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள்.

சரி, கூரை. காலை ஒன்பது, நண்பகல், பிற்பகல் மூன்று மணிக்கு ஒரே இடத்தில் நின்று படம் எடுங்கள். சூரியன் தாழ்ந்து போகும் மாதங்களில் தண்ணீர்த் தொட்டியின் நிழல் நீங்கள் நினைப்பதைவிடத் தூரம் நீளும். பேனல்கள் வரிசையாகக் கோக்கப்பட்டிருப்பதால் ஒன்றின்மேல் விழும் நிழல் மொத்த வரிசையின் உற்பத்தியையும் இழுத்துவிடக்கூடும். நிழலைத் தவிர்க்கவே முடியாது என்றால் பேனல் தரும் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் கருவியான இன்வெர்ட்டரை, பேனலுக்கு ஒன்றாகச் சிறிய அளவில் (மைக்ரோ இன்வெர்ட்டர்) கேளுங்கள். பேனலுக்கும் தளத்துக்கும் நடுவே காற்றோட இடம் விடுங்கள். பேனலுக்குள் இருக்கும் சோலார் செல்லின் சூடு 25 டிகிரியைத் தாண்டி ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் உற்பத்தி 0.3 முதல் 0.4 சதவீதம் குறையும்.

கூரையில் சின்னக் காற்றாலை வைக்கலாமா என்றும் கேட்பார்கள். வேண்டாம் என்பேன். காற்றின் வேகம் பாதியானால் கிடைக்கும் ஆற்றல் எட்டில் ஒன்றாகிவிடும். வீடுகளுக்கு நடுவே காற்று மெதுவாகவும் தாறுமாறாகவும்தான் வரும்.

மின்வெட்டு அடிக்கடி வரும் இடமா? பேட்டரி இல்லாமல் வெளி மின்கம்பியோடு இணைந்து ஓடும் சாதாரண கிரிட் இன்வெர்ட்டர், வெளி மின்சாரம் நின்றவுடன் தானும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்பவருக்கு உங்கள் பேனலில் இருந்து ஷாக் அடிக்காமல் இருப்பதற்கான ஏற்பாடு அது. அந்த நேரத்திலும் விளக்கு எரிய வேண்டுமானால் பேட்டரியோடும் சேர்ந்து இயங்கும் ஹைப்ரிட் இன்வெர்ட்டரும் பேட்டரியும் வேண்டும். விளக்கு, ஃபேன், ஃபிரிட்ஜ், மோடம் இவற்றுக்கு மட்டும் பேட்டரியை அளவெடுங்கள். ஏசிக்கும் சேர்த்து எடுத்தால் செலவு எங்கோ போய்விடும்.

இணைப்பு வந்தபின் மாதம் ஒருமுறை மூன்று எண்களைக் குறித்து வையுங்கள்: பேனல் தந்தது, வெளியே போனது, வெளியே இருந்து வந்தது. பில்லில் கணக்குத் தவறினால் இந்தக் குறிப்புதான் உங்கள் ஆதாரம். இன்னொரு இடத்திலும் இது உதவும். கட்டணத்தையோ மீட்டரிங் விதியையோ மாற்றும் முன் மின்சார ஒழுங்குமுறை ஆணையங்கள் பெரும்பாலும் வரைவை வெளியிட்டுப் பொதுமக்களின் கருத்தைக் கேட்கும். அதற்குப் பெரிய நிறுவனங்கள் வக்கீல் வைத்துப் பதில் எழுதுகின்றன; வீட்டுக்காரர்கள் எழுதுவது குறைவு. ஒரு வருடக் குறிப்பை எடுத்து, வரைவு விதிப்படி உங்கள் பில் எவ்வளவு மாறும் என்று போட்டுப் பாருங்கள். அந்தக் கணக்கை ஒரு பக்கத்தில் எழுதி, கடைசித் தேதிக்கு முன் அனுப்பிவிட்டு, பெற்றுக்கொண்டதற்கான ரசீது எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.