தக்காளி, மிளகாய் நாற்று அழுகலை நிறுத்தியது எப்படி

ஆடிப்பட்டத்துக்காக மாடியில் தக்காளி, மிளகாய், கத்தரி மூன்றையும் குழித்தட்டில் விதைத்திருந்தேன். எல்லாம் நன்றாகவே முளைத்தன. இரண்டு இலை விட்டதும் ஒவ்வொன்றாகச் சாய ஆரம்பித்தன. எடுத்துப் பார்த்தால் இலை பச்சையாகத்தான் இருக்கிறது. மண்ணைத் தொடும் இடத்தில் மட்டும் தண்டு நீர் கோத்து, பழுப்பாகி, நூல் போல இளைத்திருந்தது. இதுதான் நாற்றழுகல். பித்தியம் போன்ற மண் நுண்ணுயிர்கள் ஈரத்தில் பரப்பும் நோய். விட்டால் தட்டையே காலி செய்துவிடும்.

சாய்ந்த நாற்றுகளை அந்தக் குழியின் கலவையோடு சேர்த்து அப்புறப்படுத்தினேன். தட்டைக் காற்றோட்டமும் காலை வெயிலும் உள்ள இடத்துக்கு மாற்றினேன். மாலையில் தண்ணீர் விடுவதை அடியோடு நிறுத்தினேன். காலையில் மட்டும், அதுவும் மேல்பகுதி காய்ந்த பிறகு. மிச்ச நாற்றுகள் பிழைத்தன.

அடுத்த முறை விதையிலேயே ஆரம்பித்தேன். டிரைக்கோடெர்மா விரிடி என்ற, நோயை அடக்கும் நன்மை செய்யும் பூஞ்சைப் பொடியை கிலோ விதைக்கு 4 கிராம் சேர்க்க வேண்டும் என்பது பரிந்துரை. வீட்டு அளவுக்கு ஒரு சிட்டிகை போதும். ஆறிய அரிசிக் கஞ்சியில் விதையை லேசாக நனைத்து, பொடியைப் புரட்டி, நிழலில் உலர்த்தி விதைத்தேன். எனக்கு அதிகம் உதவியது இதுதான்.

வெண்டை, அவரை, கீரைக்குத் தட்டில் நாற்று விடும் பாடே வேண்டாம், நேராகப் பையில் விதைக்கலாம். கொத்தமல்லியை மட்டும் லேசாகத் தேய்த்து இரண்டாக உடைத்துப் போடுங்கள்.