போர்க்காலத் துண்டறிக்கை: அசலா, நகலா?

எதிரிப் படைவீரனின் மனதைக் கரைக்க வானிலிருந்து வீசிய இரண்டாம் உலகப்போர்த் துண்டறிக்கை ஒன்று கைக்கு வந்தால், படத்தையும் வாசகத்தையும் அப்புறம் ரசிக்கலாம். முதலில் ஓரத்தில் குறியீடு இருக்கிறதா என்று தேடுங்கள். இத்தாலிப் போர்முனையில் ஜெர்மானியர் வீசியவை பலவற்றில் வரிசை எண்ணுக்குப் பின் மாதமும் ஆண்டும் வரும். 7-44 என்று முடிந்தால் 1944 ஜூலை.

ஜெர்மானிய வீரர்கள் சரணடைவதற்காக நேச நாட்டுப் படைத் தளபதி ஐசனோவர் கையெழுத்துடன் அச்சான அனுமதிச் சீட்டுக்கு மறுஅச்சுகள் உண்டு. அதில் கூடுதல் கவனம் தேவை. அரசு முத்திரையும் பின்னல் கோடுகளும் அலங்காரத்துக்கு வைத்தவை அல்ல. பத்திரம் மாதிரி இருந்தால்தான் வீரன் நம்புவான் என்ற கணக்கு. ஸ்கேன் செய்து அச்சடித்தால் முதலில் கெடுவதும் அந்தக் கோடுகள்தான். 10 மடங்கு லென்ஸில் பாருங்கள். கோடு பல நிறப் பொட்டுகளாகச் சிதறினால் இன்க்ஜெட். எழுத்து பளபளத்து, சுற்றிலும் கரும்பொடி தெறித்திருந்தால் லேசர். நல்ல ஆஃப்செட் மறுஅச்சு மட்டும் இந்தச் சோதனையில் தப்பிவிடும்.

அதற்குத்தான் இருட்டறையும் புற ஊதா டார்ச்சும். காகிதத்தை வெளுப்பாகக் காட்டும் ஒளிர்வுப் பொருள்கள் போருக்குப் பிறகே பரவலாயின. தாள் முழுக்க நீல வெள்ளையாகப் பளிச்சிட்டால் போர்க்காலத் தாள் அல்ல என்றே வையுங்கள். மங்கலாக இருப்பதால் மட்டும் அசலாகிவிடாது. பழைய வெற்றுத்தாளிலும் அச்சடிக்கலாமே. மடிப்புத் தழும்பு குறையல்ல. வீரன் பையில் ஒளித்து வைத்திருந்த தடமாகவும் இருக்கலாம், அதை இஸ்திரி போட்டு நீக்காதீர்கள்.

பாதுகாப்பில் எதிரி காகிதமேதான். மலிவான மரக்கூழ்த் தாளில் அமிலம் ஊறிப் பழுத்து, ஓரம் நொறுங்கும். செல்லோ டேப் ஒட்டினால் பசை கறையாக இறங்கும். லேமினேஷன் செய்தால் திரும்ப எடுக்கவே முடியாது. துருப்பிடித்த கிளிப்பை இழுக்காமல், கீழே மெல்லிய பாலியெஸ்டர் துண்டைச் செருகி மெதுவாக நழுவவிடுங்கள். பிவிசி உறை வேண்டாம். பாலியெஸ்டர் உறையில், பின்னால் அமிலமற்ற அட்டை வைத்து, படுக்கை வசமாக வையுங்கள். ஈரப்பதம் 35 முதல் 50 சதவீதத்துக்குள் நிலையாக இருக்கட்டும். குறிப்பு எழுதுவதானால் அட்டையில், பென்சிலால், தாளை உள்ளே வைப்பதற்கு முன்பே.