பல்கலைக்கழக ஆய்வுக் குழுவோடு பள்ளி கைகோப்பது எப்படி? முதன்முறை செய்பவர்களுக்கு

பள்ளியில் ஏதோ ஒன்று சரியில்லை என்று தெரிகிறது, எது என்றுதான் பிடிபடவில்லை. அதையே வேலையாக ஆராய்கிறவர்கள் பல்கலைக்கழகத்தில் இருக்கிறார்கள். இரண்டு தரப்பையும் ஒரே மேசைக்குக் கொண்டுவரும் வேலையை எங்கள் பள்ளிக்காக முடித்த கையோடு இதை எழுதுகிறேன். நிர்வாகத்திடம் அனுமதி வாங்குவது, கூட்டம் கூட்டுவது எல்லாம் உங்களுக்கே தெரியும், அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

படி 1: கேள்வியை நீங்களே எழுதுங்கள்

பேராசிரியரைப் பார்க்கப் போகும் முன்பே கேள்வி உங்கள் கையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அவர் ஏற்கெனவே வைத்திருக்கும் கேள்விக்கு உங்கள் பள்ளி வெறும் களமாகிவிடும். நீளமான வினாத்தாள் வரும், பிள்ளைகள் நிரப்புவார்கள், அப்புறம் யாரும் திரும்பி வரமாட்டார்கள். "கல்வித் தரத்தை உயர்த்துவது எப்படி" என்பதெல்லாம் கேள்வியே இல்லை. விடை 'ஆம்' என்று வந்தால் அடுத்த பருவத்தில் என்ன செய்வோம், 'இல்லை' என்று வந்தால் என்ன செய்வோம் என்று இரண்டு வரி எழுதிப் பாருங்கள். இரண்டும் ஒன்றாகவே இருந்தால் அந்தக் கேள்வியைத் தூக்கிப் போடலாம்.

நல்ல கேள்வி எப்படி இருக்கும் என்பதற்கு நான் எப்போதும் காட்டுவது சிகாகோவை. அந்த நகரத்துப் பள்ளிகளை ஆராய்வதற்கென்றே சிகாகோ பல்கலைக்கழகத்தில் 1990-இல் ஒரு ஆய்வுக் கூட்டமைப்பு தொடங்கினார்கள். ஒன்பதாம் வகுப்பில் ஒரு மாணவர் சரியான தடத்தில் இருக்கிறாரா என்று பார்க்க அவர்கள் வைத்த அளவுகோல் மிக எளிமையானது: ஆண்டு முடிவில் குறைந்தது ஐந்து முழு ஆண்டுப் பாடங்களுக்கான கிரெடிட் (பாடத்தில் தேறினால் கணக்கில் சேரும் புள்ளி) இருக்க வேண்டும், முக்கியப் பாடங்களில் ஒரு அரையாண்டுத் தோல்விக்கு மேல் இருக்கக் கூடாது. அவ்வளவுதான். தடத்தில் இருந்தவர்கள் நான்கு ஆண்டில் பள்ளிப் படிப்பை முடிக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட மூன்றரை மடங்குக்கும் மேல் என்று 2005-இல் வந்த அவர்களுடைய அறிக்கை சொன்னது. எனக்குப் பிடித்தது அந்த எண்கூட இல்லை. ஒன்பதாம் வகுப்பு ஆசிரியர் அந்த ஆண்டிலேயே கையை வைக்கக்கூடிய இடத்தை அது காட்டியது, அதுதான்.

படி 2: ஆளைப் பிடிப்பது

கல்வியியல் துறையோடு நின்றுவிடாதீர்கள். புள்ளியியல், உளவியல், மொழியியல் துறைகளிலும் பள்ளியில் வேலை செய்ய ஆசைப்படுகிறவர்கள் இருப்பார்கள். பெரிய பெயர் உள்ள மூத்த பேராசிரியரைவிட, மாதம் ஒருமுறை நேரில் வந்து உட்காரும் உதவிப் பேராசிரியர் மேல் என்பது என் கட்சி. முதல் சந்திப்பிலேயே இரண்டு கேள்வி கேட்டுவிடுங்கள்: முடிவுகளை வெளியிடும் முன் எங்களுக்குக் காட்டுவீர்களா? முடிவு எங்களுக்குச் சாதகமாக இல்லாவிட்டாலும் வெளியிடுவீர்களா? இரண்டுக்கும் 'ஆம்' வர வேண்டும். இரண்டாவதுக்கு மழுப்புகிறவரின் ஆய்வு உங்களுக்கும் பயன்படாது.

படி 3: நெறிமுறைக் குழு

ஆய்வில் பங்கேற்பவர்களுக்குத் தீங்கு வராமல் பார்த்துக்கொள்ளும் பல்கலைக்கழக நெறிமுறைக் குழு ஒப்புதல் தரும் வரை ஒரு மதிப்பெண் பட்டியலைக்கூடக் கொடுக்காதீர்கள். பெற்றோரின் சம்மதம், பிள்ளைகளின் சம்மதம் இரண்டும் எப்படி வாங்கப்படும் என்பதை அங்கேதான் முடிவு செய்வார்கள். இதற்கு மாதக்கணக்கில் ஆகலாம் என்பதால் பள்ளி திறப்பதற்கு வெகு முன்பே விண்ணப்பம் போயிருக்க வேண்டும். ஆசிரியர்களுக்கும் ஒரு உறுதி எழுத்தில் வேண்டும்: இந்தத் தரவை வைத்து யாருடைய பதவி உயர்வையும் தீர்மானிக்க மாட்டோம் என்று. அது இல்லாமல் வகுப்பறைக் கதவு திறக்காது.

படி 4: தரவைக் கொடுப்பது (இங்கேதான் எல்லாரும் மாட்டுகிறார்கள்)

எங்கள் வேலை அதிக நாள் முடங்கிக் கிடந்தது இந்தப் படியில்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பெயரை எடுத்துவிட்டால் போதும் என்று நினைப்போம், போதாது. பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு என்ற மூன்றை மட்டும் வைத்து அமெரிக்க மக்களில் 87 சதவீதம் பேரைத் தனியாக அடையாளம் காட்டிவிடலாம் என்று லடான்யா ஸ்வீனி என்ற கணினி அறிவியலாளர் 2000-இல் கணக்குப் போட்டுக் காட்டினார். பள்ளியில் இருப்பதோ சில நூறு பேர். அதனால் பிறந்த தேதிக்குப் பதில் வயதை மட்டும் கொடுங்கள், முகவரியைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். ஒரு வகுப்பில் இரண்டு மூன்று பேர் மட்டுமே உள்ள பிரிவு ஏதாவது இருந்தால் அதைப் பெரிய பிரிவோடு சேர்த்துவிடுங்கள். 'குறிப்பு' என்று ஒரு நெடுவரிசை இருக்கும் பாருங்கள், அதில் யாராவது ஆசிரியர் "இவன் அண்ணனும் இப்படித்தான்" என்று பெயரோடு எழுதி வைத்திருப்பார். அதை முழுதாக நீக்குங்கள்.

ஒவ்வொரு மாணவருக்கும் புதிதாக ஒரு குறியீடு கொடுங்கள். எந்தக் குறியீடு யாருடையது என்ற பட்டியல் பள்ளியை விட்டு வெளியே போகவே கூடாது. குறியீட்டை எழுத்தில் தொடங்குங்கள், அதாவது 0042 என்று வைக்காமல் மா0042 என்று வையுங்கள். வெறும் எண்ணாக இருந்தால் சிஎஸ்வி கோப்பை (காற்புள்ளியால் பிரித்துச் சேமித்த அட்டவணை) எக்செலில் திறந்ததும் முன்னால் உள்ள பூஜ்ஜியங்கள் காணாமல் போகும், அப்புறம் வருகைப் பதிவும் மதிப்பெண்ணும் ஒன்றோடொன்று பொருந்தாது, இரண்டு தரப்பும் ஒருவரை ஒருவர் சந்தேகப்பட்டுக்கொண்டு நாளைக் கடத்துவீர்கள். எனக்கு எக்செல் போலவே வேலை செய்யும் இலவச மென்பொருளான லிப்ரே ஆபீஸ் கால்க்தான் பிடிக்கும், ஏனென்றால் சிஎஸ்வி கோப்பைத் திறக்கும்போதே எந்த நெடுவரிசையை எழுத்தாக எடுத்துக்கொள்வது என்று கேட்டுவிடுகிறது.

அடுத்தது பூஜ்ஜியம். தேர்வுக்கு வராதவருக்கும் 0, எழுதி ஒன்றும் வாங்காதவருக்கும் 0 என்று பல பதிவேடுகளில் போட்டிருப்பார்கள். ஆய்வாளருக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும், சராசரியே சாய்ந்துவிடும். வராதவர் கட்டத்தைக் காலியாக விட்டு, பக்கத்தில் 'வரவில்லை' என்று தனி நெடுவரிசை போடுங்கள்.

இதெல்லாம் முடிந்த பிறகு ஒப்பந்தம். எதற்காகத் தரவு, யார் யார் பார்ப்பார்கள், எந்தத் தேதியில் அழிப்பார்கள், இந்த மூன்றும் அதில் இருக்க வேண்டும். கோப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள், தயவுசெய்து.

படி 5: சின்னதாகத் தொடங்குங்கள்

புதிய முறை ஒன்றைச் சோதித்துப் பார்க்க ஒரு ஆசிரியர், ஒரு வகுப்பு, சில வாரங்கள் போதும். திட்டமிட்டு, செய்து, அளந்து பார்த்து, திருத்தி, மறுபடியும். முதல் சுற்றிலேயே பள்ளி முழுவதும் அமல்படுத்தச் சொன்னால் மறுத்துவிடுங்கள். பாதி வகுப்புகளுக்கு மட்டும் புதிய முறை என்றால் "எங்கள் பிள்ளைகளுக்கு ஏன் இல்லை?" என்று பெற்றோர் கேட்பார்கள், கேட்பது நியாயமும்கூட. எல்லா வகுப்புக்கும் உண்டு, ஆனால் யாருக்கு முதலில் என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்வோம் என்று சொல்லிவிடுங்கள். யாரும் விடுபடுவதில்லை, ஆய்வாளருக்கு வேண்டிய ஒப்பீடும் கிடைத்துவிடும்.

பின்சேர்க்கை: இதைப் படித்த ஒருவர், அவர்கள் பள்ளியில் மொத்தமே 60 பிள்ளைகள், இது சரிப்படுமா என்று கேட்டிருந்தார். ஒரு முறை பலன் தந்ததா என்று எண்களால் நிரூபிப்பது அவ்வளவு பேரை வைத்துக் கடினம், சின்ன வித்தியாசம் தற்செயலா இல்லையா என்று தெரியாது. அக்கம்பக்கத்துப் பள்ளிகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் வகுப்பைக் கவனித்து, பிள்ளைகளிடம் பேசிப் புரிந்துகொள்ளும் வகை ஆய்வுக்குப் போங்கள்.

இன்னொன்று: முனைவர் பட்ட மாணவர் ஆய்வை முடித்துவிட்டுப் போனதும் எல்லாம் நின்றுவிட்டது என்று இரண்டு மூன்று பேர் எழுதியிருந்தார்கள். ஒப்பந்தத்தில் இரண்டு பக்கமும் இரண்டிரண்டு பேர் பொறுப்பு என்று எழுதிவிடுங்கள். அதோடு, இதற்காக ஆசிரியர் செலவிடும் நேரத்துக்கு அவர் வகுப்பை யார் எடுப்பார், அந்தச் செலவு யாருடையது என்பதையும் பல்கலைக்கழகம் நிதிக்கு விண்ணப்பிக்கும் முன்பே பேசி, அவர்களுடைய பட்ஜெட்டில் ஒரு வரியாகச் சேர்க்கச் சொல்லுங்கள். நிதி கிடைத்த பிறகு கேட்டால் அதில் இடமிருக்காது.